சீரங்கத்துக் கொல்லை

எங்கள் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தகரப் பலகை நிற்கிறது. திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊராட்சி என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். நல்ல அகலமான பலகை. அதை நட்ட மறுநாளே ஊர்ப் பெண்கள் அதன் பயனைக் கண்டுகொண்டார்கள். அதுவரை ஓடைக்கரைக் கருவேல மரங்கள்தான் மறைவு. பலகை வந்த பிறகு அதன் பின்னால் உட்கார்ந்தால் ரோட்டில் போகிற வண்டி வெளிச்சம் மேலே படாது. இதைச் சொன்னால் திருச்சி தென்னூரில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் மேல் கல்லை எடுத்து எறியத்தான் கை பரபரக்கும். எறிந்தும் இருக்கிறேன்.

ஊர், உப்பிலியபுரம் தாண்டி பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். வீட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நிலம். எங்கள் பக்கம் நிலத்தைக் கொல்லை என்போம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாறி மாறிப் போடுவோம். வீட்டுக்குப் பின்னால் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை ஒன்றும் உண்டு. நீலக் கதவு. கட்டி முடித்த அன்று ஒருவர் வந்து அப்பாவைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அவருடைய பைக் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அப்பா யூரியா மூட்டைகளைக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார். பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"அது என்ன பெரிய குழியா? வீட்டுல எல்லாரும் போனா ரொம்பிடும். ரொம்பினா யாரு அள்றது?" என்பார். "எனக்கு முடியாம படுத்துட்டா அப்பத் தொறப்போம்."

அதாவது, தன் முதுமைக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய முதுமை வரும்வரை அம்மாவின் வயிறும் என் வயிறும் பொறுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம்.

அண்ணனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் போனோம். பூக்கட்டிப் பிழைக்கிற குடும்பம். லைன் வீட்டில் ஒரு போர்ஷன். பெண்ணைப் பார்த்து, காபி குடித்து, எல்லாம் திருப்தியாக முடிகிற நேரத்தில் பெண்ணின் அம்மா அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. வீட்டுல கொல்லை இருக்குல்ல?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? வீட்டை ஒட்டியே இருக்கு. பின்கதவத் தொறந்தா கொல்லைதான்."

"தண்ணி வசதி?"

"போர் போட்டிருக்குங்க. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."

"ரொம்ப சந்தோஷம். இவளுக்கு வெளியில போயிப் பழக்கமில்ல. அதான் கேட்டேன்."

"வெளியில எதுக்குப் போகணும்? நம்ம கொல்லையே அவளுக்குப் போதும்."

அந்த அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி ஆயிற்று. அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொல்லை என்றால் வீட்டின் பின்கட்டு. கொல்லைக்குப் போவதென்றால் அந்தப் பின்கட்டில் இருக்கிற கழிப்பறைக்குப் போவது. நாலு பேர் முன்னால் கூசாமல் சொல்வதற்கு அவர்கள் வைத்திருந்த வார்த்தை அது. அந்த லைன் வீட்டில் அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே கழிப்பறைதான். ஆனால் வீட்டுக்கு வீடு முறை வைத்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அவர் கேட்டது அதை. அப்பா பதில் சொன்னது வெங்காயம் போட்ட நிலத்தை. அந்த ஒரு வார்த்தையின் மேல் கல்யாணம் முடிந்தது.

கல்யாணமான மறுநாள் காலையில் அண்ணி அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை, கொல்லைக்குப் போகணும்."

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. டவுன் பெண், வந்ததும் வராததுமாக நிலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "போயிட்டு வாம்மா. ஆளுங்கல்லாம் அங்கதான் இருக்காங்க. புதுப்பொண்ணப் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றாள்.

அண்ணிக்குப் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் வயிறு விடவில்லை. பட்டுப்புடவையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கோடு, பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்கள். அவள் நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அறை ஒன்றும் கண்ணில் படவில்லை. வெட்டவெளி. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது காதோடு கேட்டாள். அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஓடைக்கரைக்கு அழைத்துப் போனேன். கருவேலமுள் புடவையைக் கிழித்தது. அங்கே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் விஷயம் அப்பா காதுக்குப் போனது. "சீரங்கத்துக் கொல்லையா கேக்குறா மகாராணி?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த நீலக் கதவுக்கு அவர் வைத்த பெயர் சீரங்கத்துக் கொல்லை. யாராவது உரம் கேட்டு வந்தால், "இரு, சீரங்கத்துக் கொல்லையில இருக்கு, எடுத்தாரேன்" என்று அண்ணி காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அண்ணி நேரடியாகவே சாவி கேட்டாள். அப்பா தரவில்லை. அண்ணனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் நல்லவன் என்று ஊரே சொல்லும். எதற்கும் வாயைத் திறக்காதவனை ஊர் வேறு எப்படிச் சொல்லும்?

அண்ணி எங்களோடு பலகைக்குப் பின்னால் வரத் தொடங்கினாள். இருட்டு பிரிவதற்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை. நடுவில் எதுவானாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பைக்கில் வருகிற சில தடிப்பயல்களுக்கு இந்த நேரம் தெரியும். வண்டியை வேண்டுமென்றே பலகைப் பக்கம் திருப்பி, ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரன் அடிப்பார்கள். ஒருநாள் பலகையின் மேல் கல் விழுந்தது. தகரம் அதிர்ந்த சத்தத்தில் கிழவிகள் முதல் எல்லாரும் பாதியில் எழுந்து ஓடினோம். அடுத்த கல் பலகையைத் தாண்டி வந்து அண்ணியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

எறிந்தவன் யார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவனைச் செருப்பால் அடித்தேன். மூக்கு உடைந்தது. இரண்டு பேர் வந்து என்னைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அறைந்தார். ஒரு பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேனாம். கல் எறிந்தவனால் போகாத மானம் என்னால் போய்விட்டதாம்.

பிறகு அண்ணி உண்டானாள். உண்டானவளுக்கு அடிக்கடி முட்டும். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை விட்டாள். தாகமெடுத்தால் வாயை நனைத்துத் துப்பினாள். ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். ஒருநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. துறையூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா எங்கள் மேல் எரிந்து விழுந்தார்.

"யூரின்ல கிருமி இருக்கு. தண்ணியே குடிக்க மாட்டியா நீ? அடக்கி வைக்கக் கூடாது. இப்படியே போனா கொழந்தைக்குத்தான் ஆபத்து."

இதை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் சொன்னேன். "பேரக்கொழந்தை வேணும்னா சாவியக் குடுங்கப்பா" என்றேன்.

"உங்கம்மா உங்க ரெண்டு பேரையும் வயித்துல வச்சிக்கிட்டு ஓடைக்குத்தான் போனா. ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போச்சி?" என்றார். அம்மா அப்போது அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

ஏழாவது மாதம். நல்ல வெயில் அடிக்கிற ஒரு மத்தியானம் அண்ணிக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே ஆள் நடமாட்டம். எங்கள் நிலத்தில் வெங்காயப் பிடுங்கல், ஒரு புல்கூட மறைவுக்கு இல்லை. அப்பா வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணி அவர் காலடியில் போய் நின்றாள்.

"மாமா, இன்னைக்கு ஒரு தடவை மட்டும். சாவி குடுங்க மாமா."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவர் இடுப்பிலிருந்து சாவியைப் பறிக்கப் போனேன். கையை முறுக்கித் தள்ளிவிட்டார். அதற்குள் அண்ணியால் நிற்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பக்கத்தில் ஆளுயரம் நின்றது பக்கத்துக் கொல்லைக்காரரின் மக்காச்சோளம் மட்டும்தான். அவர் அப்பாவுக்குப் பங்காளி. வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த ஆள் அண்ணியின் தலைமுடியைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் மண்வெட்டிக் காம்பு. முதுகிலும் தொடையிலும் மாறி மாறி அடித்தார். வரப்பில் கால் தடுக்கி அண்ணி குப்புற விழுந்தாள். வயிறு தரையில் மோதியது. அப்படியும் முடியை விடாமல் எங்கள் வாசல்வரை இழுத்து வந்து போட்டார்.

"எங்கொல்லை என்ன ஒங்க வீட்டுக் கக்கூஸா? வெளைஞ்சு நிக்கிற பயிருக்குள்ள வந்து உக்காந்திருக்கா!"

அப்பா எழுந்தார். பங்காளியை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எத்தனை பகை இருந்தாலும் வீட்டுப் பெண்ணை ஒருவன் இப்படி இழுத்து வந்தால் எந்த மனுஷனும் அவனைத்தான் அடிப்பான். அப்பா குனிந்து அண்ணியின் கன்னத்தில் அறைந்தார். "மானத்த வாங்கிட்டியேடி" என்று திரும்பவும் அறைந்தார். அண்ணன் கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். அந்தத் துண்டைக்கூட அவள் மேல் போடத் தோன்றவில்லை அவனுக்கு.

மாட்டுக்கொட்டகையில் கடப்பாரை சாத்தியிருக்கும். எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பூட்டு முதல் குத்துக்கு மசியவில்லை. அப்பா பின்னால் வந்து என் சடையைப் பிடித்து இழுத்தார். மோட்டார் பெல்ட்டால் முதுகில் வீசினார். ஜாக்கெட் கிழிந்து தோல் பிய்ந்தது. நான் திரும்பிக் கடப்பாரையை வீசினேன். அவர் காதுக்குப் பக்கத்தில் சுவரில் இறங்கியது. சிமெண்ட் பெயர்ந்து அவர் தோளில் கொட்டியது.

"அடுத்தது செவுத்துல படாதுப்பா."

அவரைக் கொன்றிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கொன்றிருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. பெல்ட்டைக் கீழே போட்டார்.

பூட்டு உடைந்தது. மூட்டைகளைக் குத்திக் குத்தி வெளியே இழுத்துப் போட்டேன். யூரியா தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. பூச்சிமருந்து பாட்டில்கள் உருண்டன. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். உள்தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. கட்டிய நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை உள்ளிருந்து யாரும் போட்டதில்லை. அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்தாள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அத்தை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத்தை, ரத்தம் போகுது."

நூத்தியெட்டு வண்டியில் துறையூர் போனோம். அங்கிருந்து திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெண் குழந்தை. பிறந்து அழவே இல்லை. எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரி போலீஸ்காரர் கேட்டபோது, வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லச் சொல்லி அப்பா அண்ணனிடம் கண்ணைக் காட்டினார். அண்ணன் அப்படியே சொன்னான். நான் குறுக்கே கத்தினேன். கேட்ட ஆள் கட்டில் பக்கம் திரும்பினார். அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணியின் அம்மா வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"கொல்லை இருக்குன்னு சொன்னீங்களே."

"இருக்கே சம்பந்தி" என்றார் அப்பா. பழக்க தோஷம். வாயில் வந்துவிட்டது.

அந்த அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினார். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அப்பாவின் முகத்தில் அடித்தார். அப்பா கையைத் தூக்கவில்லை. நான் போய்த் தடுக்கவும் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் திருப்தியாகத்தான் இருக்கிறது.

அண்ணி அதோடு ஸ்ரீரங்கம் போனாள். கொஞ்ச நாள் கழித்து அண்ணனும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தான். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். அவர்கள் வீட்டு முறை வருகிற அன்று பின்கட்டுக் கழிப்பறையை அவன்தான் கழுவுகிறான் என்று கேள்விப்பட்டேன். நானும் ஊரில் இருக்கப் பிடிக்காமல் தென்னூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலைக்கு வந்துவிட்டேன். அப்பா மறுபடி மூட்டைகளை அடுக்கி, புதுப்பூட்டு வாங்கி மாட்டினார் என்று அம்மா போனில் சொன்னாள். அம்மா மறுபடி பலகைக்குப் பின்னால் போனாள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது.

"கொல்லை."

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உருகிப்போனார்கள். "மண்ணு மேல எம்புட்டுப் பாசம் பாரு" என்று மூக்கைச் சிந்தினார்கள். அண்ணன் வந்திருந்தான். அண்ணியும் வந்திருந்தாள். கூட வரச் சொல்லி அண்ணன் எத்தனை கெஞ்சினானோ தெரியாது. வீட்டுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றாள்.

அப்பா விடாமல் அந்த வார்த்தையையே கத்தினார். இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்தினார். கடைசித் தடவையாக நிலத்தைக் காட்டிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் முடிவெடுத்தார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், வெங்காயம் பிடுங்குகிற பெண்களுக்கு நடுவில் வெயிலில் இறக்கி வைத்தோம். பெண்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பாருங்கப்பா, நம்ம கொல்லை" என்றான் அண்ணன். அப்பா இன்னும் ஆவேசமாகக் கத்தினார். "கொல்லை! கொல்லை!" தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பிறகு சத்தம் நின்றது. கட்டில் கயிறு வழியாக ஒழுகி மண்ணில் சொட்டியது. நாற்றம் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எங்கள் பின்னாலேயே வந்து வரப்பில் நின்றிருந்த அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவரு கேக்கறது உங்க கொல்லை இல்ல. எங்க கொல்லை."

எங்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினோம். நீலக் கதவில் பூட்டுத் தொங்கியது. அப்பாவின் இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துச் சாவியோடு எங்கேயோ போட்டுவிட்டார்கள். அண்ணன் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அவனுக்கு நிற்கத்தான் தெரியும்.

அண்ணி கொட்டகைக்குப் போனாள். கடப்பாரையோடு திரும்பி வந்தாள். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் அண்ணன் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. அன்னைக்கு எனக்கு உங்க தங்கச்சி ஒடைச்சா. உங்கப்பாவுக்காவது நீங்க ஒடைங்க."

பூட்டு முதல் அடியிலேயே தெறித்து விழுந்தது. அண்ணன் நிறுத்தவில்லை. கதவை அடித்தான். நீலத் தகரம் உள்ளே மடங்கியது, கீல் பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே மூட்டைகளைக் குத்தினான். யூரியா அவன் காலில் கொட்டியது. வாயைத் திறந்து என்னென்னவோ கத்தினான், ஒன்றும் வார்த்தையாக இல்லை. அப்பா கட்டிலில் கிடந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மொத்தமாகப் பெயர்ந்து கீழே விழுந்த பிறகும் அண்ணன் அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.